சொல்லத் தயங்கும் நோய்

(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இம்முகாமில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வரி வசூல் முதலியவை பற்றிப் பலர் உரையாற்றினர். இன்று நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் தலைப்பு தாய் சேய் நலம். தாய் சேய் நலம் என்றவுடன் இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றைக் குறித்துப் பேசுவதே வழக்கம். அவற்றை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆதலின் எந்தக் கூட்டத்திலும் எவரும் எடுத்துப் பேசாத ஒன்றை இன்று பேச விழைகிறோம். கருவுற்ற பெண்களுக்கு அரிப்போடும் எரிச்சலோடும் திரும்பத் திரும்ப வருகின்ற வெள்ளைப்படுதலே அப்பொருள்.

இதைக் கேட்டதும் முன்வரிசையில் உள்ள பெரியவர் சிலர் தலை குனிவதைக் காண்கிறோம். ஆடவர் நிறைந்த சபையில் பேசத்தக்க பேச்சா இது என்று கருதுவோரும் இருக்கலாம். நம் பசுவுக்கு மடிநோய் கண்டால், தெருவில் நின்று நாலுபேர் கேட்கக் கால்நடை மருத்துவரிடம் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். நம் வீட்டுப் பெண்ணின் நோயைச் சொல்ல மட்டும் நாணுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்து, ஆடவரே நிறைந்த அச்சபையில் பெண்களின் துயரங்களை எடுத்துரைத்தார். கருவுற்ற தாய்மாருக்கான அரசின் நிதியுதவித் திட்டம் அவர் பெயராலேயே நடைபெறுகிறது. ஊராட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கே என்று 2016இல் நம் மாநிலத்தில் சட்டம் செய்யப்பட்டது. பெண்கள் பாதியாக அமரும் மன்றத்தில் பெண்களின் நோயைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

நோய் யாது?

பனையிலிருந்து இறக்கும் பதநீரை நீங்கள் அறிவீர்கள். கலயத்தில் சுண்ணாம்பு பூசாவிட்டால் அது பொழுதுக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். அவ்வாறு புளிக்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் காளான். அதனை ஈஸ்ட் என்பர். இனிப்பு எங்கே உண்டோ அங்கே அது செழிக்கும். அந்தக் குலத்தைச் சேர்ந்த கேண்டிடா என்னும் வேறொரு வகையே நாம் கூறும் நோய்க்குக் காரணம்.

இக்காளான் வெளியிலிருந்து புதிதாகப் படையெடுத்து வருவதன்று. நலமாக இருப்பவர் பலரின் வாயிலும் குடலிலும், பெண்கள் பலரின் பிறப்புறுப்பிலும் அது சிறு அளவில் குடியிருக்கிறது. அதனோடு நல்ல நுண்ணுயிர்களும் அங்கே வாழ்கின்றன. அவை பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை. அவை புளிப்பை உண்டாக்கிப் பிற கிருமிகளை அடக்கிக் காவல் காக்கின்றன. இந்தச் சமநிலை குலையும்போது ஈஸ்ட் பெருகி நோயாகிறது. பெண்கள் நால்வரில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வருவதுண்டு. ஓராண்டுக்குள் மூன்று அல்லது நான்கு முறை வந்தால் அதனைத் திரும்ப வரும் நோய் என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

இதிலிருந்து ஓர் உண்மையை நீங்கள் மனத்தில் இருத்த வேண்டும். இது ஒழுக்கக் கேட்டினால் வருவதன்று. பால்வினை நோய்களின் வரிசையில் இதனைச் சேர்ப்பதில்லை. "மருமகளுக்கு இப்படி ஒரு நோய் ஏன் வந்தது?" என்று ஐயுறும் மாமியாரும், மனைவியைக் கோணிப் பார்க்கும் கணவனும் அறியாமையால் பெரும் பிழை செய்கின்றனர். கணவனுக்கு அரிப்போ தடிப்போ இருந்தால் அவரும் மருத்துவரைக் காண வேண்டும். இல்லையேல் அவருக்கு மருந்து தேவையில்லை.

அடையாளம்

கருவுற்ற காலத்தில் மெல்லிய, வெண்மையான, நாற்றமற்ற நீர்மம் சற்று மிகுதியாக வெளிப்படுவது இயற்கையே. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அரிப்பு மிகுந்து, திரிந்த பாலைப் போலவோ கட்டித் தயிரைப் போலவோ வெள்ளைபட்டு, உறுப்பு சிவந்து, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் கண்டால் ஈஸ்ட் நோய் என்று ஐயுறலாம்.

வெள்ளைப்படுதல் மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தாலும், மீன் நாற்றம் போன்ற கெட்ட வாடை வீசினாலும் அது பெரும்பாலும் வேறு நோய். அதற்கு மருந்தும் வேறு. அதனைக் கவனியாது விட்டால் குறைமாதப் பிரசவம் போன்ற தொல்லைகள் நேரக்கூடும். தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருந்தால் பனிக்குட நீராக இருக்கலாம். அத்தகைய கசிவோ, இரத்தமோ, காய்ச்சலோ, அடிவயிற்று வலியோ கண்டால் அன்றே, அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 வண்டி அதற்காகவே உள்ளது.

கருவுற்ற காலத்தில் ஏன் மிகுதி?

நெல் வயலில் யூரியாவை மிகுதியாக இட்டால் என்னவாகும்? பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். அந்தத் தழைப்பைத் தேடி இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வந்து சேரும். பயிரின் குற்றமா அது? அன்று. ஊட்டம் மிகுந்த இடத்தில் உண்ண வருவதும் மிகும்.

கருவுற்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு உயர்கிறது. அதன் விளைவாகப் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு கூடுகிறது. ஈஸ்டுக்கு அது விருந்து. ஆதலின் முன்பு இந்நோயே காணாத பெண்ணுக்கும் கருவுற்ற காலத்தில் இது வரலாம். வந்தது திரும்பவும் வரலாம். பிரசவத்துக்குப் பின் அச்சுரப்பு தாழ்ந்ததும் பெரும்பாலும் தணிந்துவிடும்.

புகையானுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்டபடி பூச்சிமருந்து தெளித்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் மடிந்து, புகையான் முன்னிலும் பெருகும். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவரைக் கேளாமல் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளை வாங்கி விழுங்குவோருக்கும் அவ்வாறே நேர்கிறது. காவல் காக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. காளானுக்கு அம்மருந்தால் கேடில்லை. அது தடையின்றிப் பெருகுகிறது. மருத்துவர் வேண்டுமென்று தந்த நுண்ணுயிர்க்கொல்லியை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. வேண்டாத இடத்தில் வாங்கி உண்ண வேண்டாம் என்பதே கருத்து.

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதனால் கேடு வருமோ என்று தாய்மார் கலங்குவதுண்டு. பொதுவாக ஈஸ்ட் நோய் கருவைத் தாக்குவதில்லை. பிரசவத்தின்போது குழந்தையின் வாயில் தொற்றி, நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலமாகப் படியலாம். அதற்கு எளிய மருந்து உண்டு. ஆயினும் அரிப்பினால் உறக்கமின்றித் தவிக்கும் தாயின் துன்பம் சிறியதன்று. பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது.

நம் இல்லத்தில் நிகழ்ந்தது

ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் வீட்டில் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். நம் துணைவியாரிடம் இசைவு பெற்றே இதைச் சொல்கிறோம். ஊரில் ஒருத்திக்காவது பயன்படுமானால் சொல்லுங்கள் என்றார்.

2016ஆம் ஆண்டு அவர் இரண்டாம் முறை கருவுற்றிருந்தார். மூன்றாம் மாதத்தில் இந்நோய் கண்டது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு நம் அன்னையாரிடம் சொன்னார். "எல்லாம் சூடுதான், இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்றார் அன்னையார். அதனால் கெடுதல் இல்லை, நோயும் தீரவில்லை. இரவில் எழுந்து எழுந்து அமர்ந்திருப்பதைக் கண்டு நாம் கேட்ட பின்னரே நம்மிடம் சொன்னார்.

நாம் என்ன செய்தோம்? மருத்துவரிடம் அழைத்துச் சென்றோமா? இல்லை. மருந்துக் கடைக்குப் போய், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, அரிப்புக்கு மருந்து வேண்டும் என்றோம். "யாருக்கு?" என்றார் கடைக்காரர். "வீட்டில்" என்றோம். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கருவுற்றிருக்கிறார் என்று நாமும் சொல்லவில்லை. ஒரு மாத்திரையும் ஒரு களிம்பும் கொடுத்தார். துணைவியார் அம்மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "வயிற்றில் பிள்ளையோடு இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அவரே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அதனைக் கொண்டு காட்டினார். அம்மாத்திரை கருவுற்றவர் உண்ணத்தக்கதன்று. களிம்பிலோ ஸ்டீராய்டு கலந்திருந்தது. பட்டம் பெற்ற அலுவலராகிய நாம் கேளாத கேள்வியை அவர் கேட்டதால் தப்பினோம்.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஏழு இரவுகளுக்கு உள்ளே வைக்கும் மாத்திரை தந்தார். மூன்றாம் நாளே அரிப்பு நின்றது. மருந்தையும் நிறுத்திவிட்டோம். ஒரு மாதத்தில் நோய் திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி நோய். ஆறாம் மாதத்தில் நான்காம் முறையாகச் சென்றபோது மருத்துவர் தாய் சேய் நல அட்டையைப் புரட்டி, "இரண்டு மணி நேரச் சர்க்கரைச் சோதனை எங்கே?" என்றார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. சோதனை நாளன்று, இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது, அலுவலகக் கூட்டம் இருக்கிறது என்று சொல்லி நாம்தான் அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அன்றே சோதித்ததில் சர்க்கரை 168 மில்லிகிராம் இருந்தது.

உணவைச் சீர்செய்து, நாள்தோறும் நடந்து, இம்முறை மருந்தையும் ஏழு நாளும் முடித்ததும் நோய் அடங்கியது. குழந்தை நலமாகப் பிறந்தது. ஆயினும் அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்ததற்காக அவர் மூன்று மாதம் துன்புற்றார் என்பதை நாம் மறக்கவில்லை.

மருந்தும் முறையும்

கருவுற்ற காலத்தில் இந்நோய்க்கு ஏற்ற மருந்து உறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரை அல்லது களிம்பே. குளோட்ரிமசோல் என்பது பெரிதும் வழங்கும் மருந்து. மற்றப் பெண்களுக்கு ஒன்றிரண்டு நாள் போதுமெனினும், கருவுற்றவருக்கு ஏழு நாள் முழுவதும் தருவதே முறை. இரவு படுக்கப் போகும்போது, கையைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்தை விரலால் மெல்ல உள்ளே வைக்க வேண்டும். மருந்தோடு வரும் குழலைப் பயன்படுத்துவதாயின் செவிலியரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். மூன்றாம் நாளே குணம் தெரியும். ஏழாம் நாள் வரை நிறுத்தலாகாது. களையை மேலோடு அறுத்து வேரை விட்டுவைப்பது போன்றது பாதியில் நிறுத்துவது. மருந்து முடியும்வரை கணவர் சற்று விலகியிருத்தல் நலம்.

ஃபுளுகோனசோல் என்னும் வாய்வழி மாத்திரையைப் பிற பெண்களுக்கு ஒரே வேளையாகத் தருவதுண்டு. கருவுற்றவர் அதனைத் தாமாக உண்ணலாகாது. அதனை உண்ட கருவுற்ற பெண்களிடையே கருச்சிதைவு மிகுதியாகக் காணப்பட்டதை டென்மார்க் நாட்டில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. பக்கத்து வீட்டு அம்மாள் எனக்கு ஒரே மாத்திரையில் குணமாயிற்று என்று அன்போடு எடுத்துக் கொடுத்தாலும் வாங்கலாகாது. கருவுற்றிருப்பது அறியாமல் முன்பே உண்டிருந்தால், மனம் உடைய வேண்டாம். மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். படைக்கு விற்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும், போரிக் அமிலமும் இந்நோய்க்குக் கருவுற்றவர் பயன்படுத்தத் தக்கவை அல்ல.

மண் தந்த மருந்து

உழவர்களாகிய நீங்கள் கேட்டு மகிழத்தக்க ஒரு வரலாறும் இதில் உண்டு. காளான் நோய்க்கு மனிதர் நம்பிப் பயன்படுத்தத் தக்க முதல் நுண்ணுயிர் மருந்து வயல் மண்ணிலிருந்தே கிடைத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் அறிஞர்கள் பல இடங்களின் மண்ணைச் சேகரித்துச் சோதித்தனர். ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனி நகரிலும் இருந்ததால் சோதனைப் பொருள்களைத் தபாலிலேயே அனுப்பிக்கொண்டனர். வர்ஜினியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிர் காளானை அழிக்கும் பொருளைச் சுரக்கக் கண்டனர். 1950இல் அதனை உலகுக்கு அறிவித்து, தம் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். அதனால் வந்த பெரும்பொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டனர். அம்மருந்து இன்றும் வழக்கில் உள்ளது. பெண்களின் நோயைப் பேச நாம் நாணிக்கொண்டிருக்க, இரு பெண்கள் பண்ணை மண்ணில் அதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள்.

மீண்டும் மீண்டும் வருவானேன்?

மருந்துக்குப் பின்னும் நோய் திரும்புமானால் அதே மருந்தைக் கடையில் வாங்கிக்கொண்டேயிருப்பது பயனற்றது. காரணத்தைத் தேட வேண்டும். முதலாவது, மருந்தைப் பாதியில் நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது, நோய் ஈஸ்டாகவே இல்லாமல் இருக்கலாம். நீர்மத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, வழக்கமான மருந்துக்கு எளிதில் பணியாத வேறுவகை ஈஸ்டாக இருக்கலாம். அதனை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து மருந்தை மாற்றுவார்கள், அல்லது கூடுதல் நாள் தருவார்கள். நான்காவது, நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்டீராய்டு போன்றவற்றை வேறு நோய்க்கு உண்டுகொண்டிருக்கலாம். ஐந்தாவது, நம் வீட்டில் கண்டது போல இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கலாம். இவை ஒன்றுமே இல்லாமல், கருவுற்றிருப்பதே காரணமாகவும் இருக்கலாம். அப்போது நோய் வரும்போதெல்லாம் மருத்துவர் சொற்படி ஏழு நாள் மருந்தை மீண்டும் வைத்துக்கொண்டு பிரசவம் வரை சமாளிப்பதே வழி. அவ்வாறு மீண்டும் வைப்பதால் குழந்தைக்குக் கேடில்லை.

சர்க்கரைச் சோதனை

கருவுற்ற காலச் சர்க்கரை நோயை எல்லாத் தாய்மாரிடமும் சோதித்தறிய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா அவர்கள். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாள் இந்நோய்க்கான விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது.

சோதனை எளிது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பர். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கருவுற்ற காலச் சர்க்கரை நோய். முதல் முறை பதிவு செய்ய வரும்போதே சோதிக்க வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும். நோய் கண்டால் முதலில் இரண்டு வாரம் உணவுமுறையும் நடையுமே மருந்து. சோற்றைக் குறைத்துப் பருப்பு, கீரை, காய், முட்டை இவற்றைக் கூட்ட வேண்டும். சர்க்கரையும் வெல்லமும் கலந்த பானங்களை நிறுத்த வேண்டும். அதற்குப் பின்னும் உணவுண்ட இரண்டு மணி நேரத்தில் 120க்குக் குறையாவிடில் மருந்தோ இன்சுலினோ தருவர். சர்க்கரை கட்டுப்பட்டால் ஈஸ்ட் வருவது குறையும். அதனினும் மேலாகத் தாயும் சேயும் பெரிய இடர்களிலிருந்து காக்கப்படுவர்.

வீட்டில் செய்யத்தக்கனவும் தகாதனவும்

வெளியுறுப்பை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சோப்பு, கிருமிநாசினித் திரவம், வாசனைப் பொடி இவற்றை அங்கே பயன்படுத்தலாகாது. உள்ளே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாகாது. பூண்டு, எலுமிச்சைச் சாறு, வேப்பிலைச் சாறு, தயிர் எதனையும் உள்ளே வைக்கலாகாது. தயிரை உண்பது நல்ல உணவு. அதனால் நோய் தீரும் என்று மருந்தை விட்டுவிடலாகாது.

பருத்தி உள்ளாடையே ஏற்றது. இறுக்கமான நைலான் ஆடை ஈரத்தை அடைத்து வைக்கும். நம் ஊர்களில் பெண்கள் உள்ளாடையைப் பிறர் கண்ணில் படாதபடி சேலைக்கு அடியில், இருட்டு மூலையில் உலர்த்துகிறார்கள். அது உலர்வதே இல்லை. ஈரத்தோடு அதனையே மறுநாள் உடுத்துகிறார்கள். கருவுற்ற பெண்களும் சிலர் நடவுக்குச் சென்று சேற்று நீரில் நனைந்த சேலையோடு பொழுது சாயும்வரை நிற்கிறார்கள். வீடு திரும்பியதும் ஈர உடையைக் களைந்து உலர்ந்த உடை உடுத்த வேண்டும். வெயிலில் உலர்த்துவதில் வெட்கம் எதற்கு?

ஊராட்சி செய்யக்கூடியவை

"இதில் ஊராட்சிக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். மருந்து தருவது மருத்துவர் வேலை. சொல்ல ஓர் இடமும் காத்திருக்க ஓர் இடமும் தருவது நம் வேலை.

முதலாவது, உங்கள் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே சென்று பாருங்கள். செவிலியரிடம் ஒரு பெண் தனித்துப் பேசவும், சோதித்துக்கொள்ளவும் தாழிட்ட கதவோ திரைச்சீலையோ இருக்கிறதா? வாயிலில் நாலுபேர் எட்டிப் பார்க்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். ஒரு திரைச்சீலைக்கு ஆகும் செலவு பெரிதன்று.

இரண்டாவது, சர்க்கரைச் சோதனைக்கு வருபவர் இரண்டு மணி நேரம் அமர நிழலும், பெஞ்சும், குடிநீரும், கழிப்பறையும் வேண்டும். இவை இல்லாததாலேயே பலர் நடுவில் எழுந்து போகின்றனர்.

மூன்றாவது, வீட்டுக் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் தண்ணீர் வேண்டும். குழாய் இணைப்புக் கொடுத்த கணக்கோடு, தண்ணீர் வருகிறதா என்ற கணக்கையும் மன்றத்தில் கேளுங்கள்.

நான்காவது, நிலமுடைய உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கருவுற்ற தாய்மாருக்கு மருத்துவர் நேரில் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. அன்றைக்கும், செவிலியர் வரச் சொன்ன நாளிலும் உங்கள் வயலில் வேலை செய்யும் கருவுற்ற பெண்ணை அனுப்பி வையுங்கள். அரைநாள் கூலியைப் பிடிக்காதீர்கள். நாற்று ஒருநாள் பொறுக்கும்.

ஐந்தாவது, கிராம சபையில் இந்நோய் பற்றிப் பொதுவாகப் பேசலாம். எந்தப் பெண்ணின் பெயரையும் எடுக்கலாகாது. பெண் உறுப்பினர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் இதனை எடுத்துச் சொன்னால் பெரும் பயன் விளையும். நேரில் கேட்க நாணுவோர் 104 என்ற எண்ணில் தொலைபேசி வழியாக ஆலோசனை பெறலாம்.

கணவன்மார்களுக்கு ஒரு சொல் சொல்லி முடிக்கிறோம். உங்கள் மனைவி இதனைச் சொல்லும்போது மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். செவிலியரிடமோ மருத்துவரிடமோ உடன் செல்லுங்கள். கருவுற்றிருப்பதையும் இத்தனை முறை வந்ததையும் வெளிப்படச் சொல்லுங்கள். சர்க்கரைச் சோதனைக்கு அமர்ந்தால் அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்தில் அமர்ந்திருங்கள். நாம் அன்று எழுந்து போனோம். நீங்கள் எழுந்து போகாதீர்கள்.

 தொடக்கத்தில் தலை குனிந்து, இப்போது நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியவர்களுக்கு நன்றி.